பதினொரு வருடமாக எரியாத ஊர்

வேலைக்கும் ஜாய்ஸ்டிக்தான்.
கீருனா மலைக்குள் ஆயிரத்து முந்நூறு மீட்டர் ஆழத்தில்
ஆளில்லாத வண்டியொன்று
என் கட்டைவிரலுக்குப் பணிந்து
இரும்புக்கல்லை அள்ளிக் கொட்டும்.
நான் மேலே, வெப்பமூட்டிய அறையில்,
கம்பளிக் காலுறையும் ஆறின காப்பியுமாய்.

ஒரு ஷிஃப்டுக்கு நூற்றுப் பத்து அள்ளல்.
ஒவ்வொன்றுக்கும் ஊருக்குள் எங்கோ
ஒரு குளியலறைச் சுவரில்
மயிரிழை அளவு விரிசல்.
கணக்கு அப்படி இல்லை என்கிறார் பொறியாளர்.
எனக்கு அப்படித்தான்.

"வீட்டுக்கு வந்தும் அதே கைப்பிடியா, ஐலி?"
தோர்கெல் கேட்பான்.
சமையல்காரனுக்கு
வீட்டில் பசிக்காதா என்ன.

முதல் இரவு மூக்கைத் தேர்ந்தெடுக்கவே
இரண்டு மணி நேரம் போயிற்று.
கொஞ்சம் கோணலானதாக, அடிபட்டு ஆறியதாக
ஒன்றை வைத்துக்கொண்டு
பனிக்குள் இறங்கினேன்.
எடுத்த எடுப்பிலேயே ஒருவன் மூச்சிரைக்கச் சொன்னான்:
டிராகன் வருகிறது,
ஓர்வென் ஊரைப் பொசுக்கப் போகிறது,
நிற்காதே, ஓடு.

நின்றேன்.
வழியில் ஒருத்தியின் ஆடு தொலைந்திருந்தது.
ஆட்டைத் தேடிய இடத்தில் குகை,
குகைக்குள் பூட்டின பெட்டி,
பெட்டிக்குள் கடிதம்,
கடிதத்தில் யாரோ ஒருவனின் தீராத கடன்.
கடன்காரனைத் தேடிக் கடலோரம் போனால்
அங்கே கலங்கரை விளக்கில் எண்ணெய் இல்லை.
பதினொரு வருடம்.
ஆடு இன்னும் கிடைத்தபாடில்லை.

ஓர்வென் எரியவுமில்லை.
நான் போய்ச் சேர்ந்தால்தான் டிராகன் கிளம்பும்.
அதுவரை ஏதோ ஒரு சிகரத்தில்
சிறகை மடித்து,
மருத்துவமனையில் டோக்கன் வாங்கியவர்போல
அது உட்கார்ந்திருக்கும்.
நான் சோம்பியிருப்பதால் உயிர்பிழைக்கும் ஊர்
எனக்கு வேறெங்கே இருக்கிறது?

சத்திரத்து மாடியில் ஒரு அறை எடுத்திருக்கிறேன்.
மேசையில் ஒரு தகரக் கரண்டி.
முதல் மாதத்தில் வைத்தது,
சன்னலைப் பார்த்தபடி, சற்றே சாய்வாக.

வியாழக்கிழமை எங்கள் தெருவுக்கு
மஞ்சள் இயந்திரம் வந்தது.
தேவாலயத்தைச் சக்கரமேற்றி
முழுசாகவே நகர்த்தினார்கள்.
எங்கள் வீடு அவ்வளவு அழகில்லை.
பெட்டிகள் இருபத்தேழு.
பன்னிரண்டாவதோடு படியிறங்குகையில்
முழங்கால் மடிந்தது.
அங்கே என்றால் திரையோரம் எழுத்து வரும்:
சுமை மிகுதி, இனி ஓட முடியாது.
இங்கே யாரும் சொல்லவில்லை.
இயந்திரம் சமையலறையைக் கடித்தபோது
உள்ளே ஒட்டியிருந்த நீலக் காகிதம்
வெயிலே இல்லாத நண்பகலில்
எல்லோருக்கும் தெரிந்தது.

புது ஊரில் மூன்றாம் மாடி.
சுவரெல்லாம் பெயின்ட் வாசனை.
கட்டிலைப் பூட்டுமுன் கணினியைப் பூட்டினேன்,
தரையில், போர்வைமேல் உட்கார்ந்து.
சத்திரக்காரன் நிமிர்ந்தான்.
"காற்று வடக்கே திரும்பிவிட்டது" என்றான்,
ஆயிரமாவது தடவையோ என்னவோ.
மாடியேறினேன்.
கரண்டி இருந்தது.
அதே சாய்வில்.

அழுதேன் என்றால் தோர்கெல் நம்பமாட்டான்,
அவன் திருகாணி தேடிக்கொண்டிருந்தான்.

பிறகு, இத்தனை வருடத்தில் முதல்முறையாக,
கிழக்குப் பாதையில் நடந்தேன்.
வரைபடத்தின் கறுப்பு
அடிக்கு அடி விலகியது.
மேட்டிலிருந்து ஓர்வென் தெரிந்தது:
நாற்பத்தொரு சன்னல், எல்லாவற்றிலும் விளக்கு.
ஒரு வாசலில் யாரோ பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார்.
இன்னும் ஒரு எட்டு வைத்தால்
இசை மாறும் என்று தெரியும்.
கட்டைவிரல்
குச்சிமேலேயே இருந்தது.

காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட்.
நூற்றுப் பத்து.

திரும்பி நடந்தேன்.
தூரத்தில் ஆடு கத்தியது,
அல்லது புதுக்கட்டடத்தின்
தண்ணீர்க் குழாய்.